விசில் வரைக்கும்

அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, அதன்மேல் விசிலைத் தொங்கவிடலாமா வேண்டாமா என்று மகள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்த வீட்டு ஆட்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவனுக்காகவே அவள் ஒரு பஞ்சுத் திண்டு தைத்து அங்கே ஆணி அடித்து வைத்திருந்தாள்.

"ஏணி வந்துட்டான்," என்றாள் அம்மா, கண்ணைத் துடைக்காமலே.

அப்பா கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. எதையும் சுற்றி வளைத்துச் செய்யத் தெரியாத மனுஷன், சாவையும் அப்படியே முடித்துக்கொண்டார்.

ஏணி கணக்குப் படிக்கக் கல்லூரிக்கு வந்தவன். பத்தொன்பது வயதுவரை பந்தைத் தொட்டதே கிடையாது. ஒருநாள் வராந்தாவில் ஸ்டூல் போடாமல், நின்ற நிலையில் டியூப் லைட் மாட்டிக்கொண்டிருந்தவன் அப்பாவின் கண்ணில் பட்டுவிட்டான். அன்று வீட்டுக்கு வந்தவர் கையைத் தட்டில் வைத்தபடி, சாப்பிட மறந்து, அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அம்மாகூட, "பொண்ணு பார்த்துட்டு வந்தப்பகூட இப்படிப் பேசியிருக்க மாட்டீங்க," என்று இடித்துக் காட்டினாள்.

உயரம் இருந்தது. மற்றபடி ஒரு மண்ணும் இல்லை. பந்து கைக்கு வந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்தவன் மாதிரி தவிப்பான். கூடைக்கு அடியில் நெடுநெடுவென்று நிற்பான், அவன் நெஞ்சுக்கு வருகிற பொடியன் இடுப்பால் ஓர் இடி இடித்து இடத்தைப் பிடுங்கிக்கொள்வான். முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, இடுப்பைத் தாழ்த்தி நின்றால் எவனாலும் அசைக்க முடியாது. இந்த நிலைக்கு அப்பா வைத்திருந்த பெயர் 'உட்காரு'. முதல் நாள் அவர் "உட்காரு!" என்று கத்தியதும் ஏணி மைதானத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மொத்த அணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "சொன்னதைக் கேக்கறான்ல, அது போதும்," என்றாராம்.

அப்புறம் அந்த ஒரு வார்த்தைதான் வீட்டில் காலையும் மாலையும் ஓடியது. தையல் கடை வைத்திருந்த மகளுக்கு அவனுடைய கால்சட்டைகளைத் தைத்துக் கொடுக்கிற வேலை வந்து சேர்ந்தது. கடையில் விற்பது எதுவும் அவன் காலுக்கு எட்டாது. "நான் உங்க பொண்ணா, இல்ல அவனோட டெய்லரா?" என்று அவள் பலமுறை சண்டை போட்டிருக்கிறாள். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

விசில் ஊதும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஏணி நன்றாகவே உட்காருவான். ஆனால் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கால் கடுத்து நிமிர்ந்துவிடுவான். நேற்றைய இறுதிப் போட்டியிலும் அதுதான் நடந்தது. அவன் நிமிர்ந்தான், எதிரணிக்காரன் இடித்துக்கொண்டு உள்ளே போனான், கோப்பை கைநழுவியது.

இப்போது அவன் அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவள் தைத்துக் கொடுத்த கறுப்புப் பேன்ட் போட்டிருந்தான்.

"நின்னுட்டேன்க்கா," என்றான். "நேத்து நான் நின்னுட்டேன். அதனாலதான் சாருக்கு..."

"லூசு மாதிரி பேசாதே. ராத்திரி அப்பா என்ன சொன்னார் தெரியுமா?"

"திட்டினாரா?"

"சாப்பாட்டுல உப்பு இல்லைன்னார்."

அவன் முகம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கோணிக்கொண்டது.

"அப்புறம், 'ஆட்டம் முழுக்க உட்கார்ந்தான்டி. கடைசியிலதான் நின்னுட்டான். அடுத்த தடவை பாரு, விசில் வரைக்கும் உட்காருவான்'னு சொல்லிட்டுப் படுத்தார்."

சொல்லிவிட்டு அவள் விசிலை அப்பாவின் கழுத்தில் மாட்டி, மார்பின் மேல் நேராக வைத்தாள்.

ஏணி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் ஒரு பக்கம் தூக்கட்டுமாக்கா?" என்று கேட்டான்.

பெரியப்பாவின் காதில் அது விழுந்துவிட்டது. மரக்கடைக்காரர், கோணல் என்றால் அவருக்கு ஆகாது. "வேண்டாம் தம்பி. நான், என் மாப்பிள்ளை, காலேஜ் பஸ் டிரைவர், மூணு பேரும் ஒரே உயரம். உன்னைச் சேர்த்தா பெட்டி சாயும். என் தம்பியைச் சரிவுல படுக்கவெச்சா அனுப்பறது?"

"அவன் தூக்குவான் பெரியப்பா," என்றாள் மகள்.

"நான் சொல்றது உனக்குப் புரியலையாம்மா?"

"புரியுது. தூக்கட்டும்."

தெரு குறுகல், வேன் முனையில்தான் நின்றது. அதுவரை கையால் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். பெட்டியை மூடி, ஆளுக்கொரு பிடியைப் பிடித்தார்கள். ஏணிக்குத் தலைமாட்டில் ஒரு மூலை. தூக்கியதுமே அவன் பக்கம் ஏறிக்கொண்டது. உள்ளே அப்பா சறுக்குகிற சத்தம் லேசாகக் கேட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பதறிப்போன ஏணி முதுகை வளைத்துக் குனிந்தான், பெட்டி இன்னும் மோசமாக ஆடியது.

"இறக்குங்க, இறக்குங்க," என்றார் பெரியப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. "தம்பி, நீ விட்டுடுப்பா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே."

ஏணியின் கை பிடியை விடவில்லை. அவன் அவளைப் பார்த்தான். நேற்று மைதானத்திலும் அப்பாவை அவன் இப்படித்தான் பார்த்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. இவன் தூக்காமல் அப்பா இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது.

"உட்காரு!"

அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். கூடம் திடுக்கிட்டது. வழியனுப்ப எழுந்து நின்ற அடுத்த வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏணியின் முட்டி மடங்கியது. முதுகு நிமிர்ந்தது. இடுப்பு கீழே கீழே இறங்கி, மற்ற மூவரின் கையோடு அவன் கையும் ஒரே வரிசைக்கு வந்தது. பெரியப்பா ஒரு கண்ணை மூடி, பலகையைப் பார்ப்பது போல் பெட்டியின் விளிம்பை நெடுகப் பார்த்தார்.

"மட்டம் சரியா இருக்கு," என்றார். "நடங்க."

இரட்டைக் கதவையும் திறந்து வைத்திருந்தார்கள். ஏணி வாசலைத் தாண்டியபோது அவன் தலைக்கும் பஞ்சுத் திண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருந்தது.

தெருவில் மகள் அவன் பக்கமாகவே நடந்தாள். பெட்டியைப் பார்க்க முடியாமல் அவன் முட்டியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதி தூரத்திலேயே பேன்ட் துணி நடுங்க ஆரம்பித்துவிட்டது. "மாத்திக்கலாமா?" என்று பின்னால் வந்த அணிப் பையன் ஒருவன் கேட்டான். ஏணி தலையை மட்டும் ஆட்டி மறுத்தான். தெரு ஏற்றமாக இருந்த இடத்தில் பல்லைக் கடித்தான். பெட்டி மட்டம் மாறவில்லை.

வேனுக்குள் பெட்டியைத் தள்ளியாயிற்று. மற்ற மூவரும் நிமிர்ந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்கள். ஏணி மட்டும் மடக்கிய முட்டியோடு அப்படியே இருந்தான், கைகள் வெறும் காற்றில் நின்றன.

"முடிஞ்சுதுப்பா, எழுந்திரு," என்றார் டிரைவர்.

அவன் எழுந்திருக்கவில்லை. மகள் அவன் முன்னால் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. தாடையிலிருந்து வியர்வையும் கண்ணீரும் சொட்டிக்கொண்டிருந்தன.

"விசில், அக்கா," என்றான்.

விசில் பெட்டிக்குள் இருந்தது. பெரியப்பா வேன் கதவைச் சாத்திவிட்டார். அவளுக்கு வாயால் விசிலடிக்க வராது. சின்ன வயதில் அப்பா எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்துப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அவள் உதட்டைக் குவித்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது.

ஏணி நிமிர்ந்தான்.