எந்தப் பஸ்ஸுக்கு

"எந்தப் பஸ்ஸுக்கு இருக்கிய?" என்று பக்கத்துப் பெஞ்சிலிருந்தவள் கேட்டாள். பனவடலிசத்திரம் என்றாள் பேச்சித்தாய். நேற்றுக் கேட்டவளிடம் வாசுதேவநல்லூர் என்று சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின நாள் புளியங்குடி. இந்த மூன்று ஊரில் எதற்கும் அவள் போய்ப் பல வருடமாகிறது. போக வேண்டிய வேலையும் இல்லை, அங்கே காத்திருக்கிற ஆளும் இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துப் போட்டிருந்ததால் பஸ்கள் இப்போது ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் நின்றன. தகரக் கொட்டகை, நாலைந்து இரும்புப் பெஞ்சு, ஒரு டீக்கடை, அவ்வளவுதான். பேச்சித்தாய் தன் மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுவாள். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொள்வாள். மடியில் ஒரு பயணப்பை இருக்கும். பைக்குள் மடித்த இரண்டு சேலை. ஆரம்பத்தில் பை கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் போகிற போக்கில் அவள் மடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போனான். அவனைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மறுநாளிலிருந்து பை வந்துவிட்டது.

அம்மா இருந்தவரை இந்தப் பிழைப்புத் தேவைப்படவில்லை. அம்மாவுக்கு வாய் ஓயாது. பேச்சி என்று பேர் வைத்ததற்கு மகள் பேசாவிட்டால் என்ன, நானே பேசிக்கொள்கிறேன் என்பது போலப் பேசுவாள். அவள் போன பிறகு தையல் மிஷின் சத்தம் மட்டும்தான் வீட்டில். தறிக்காரர்களிடமிருந்து வருகிற சேலைகளுக்கு ஓரம் அடித்து முடித்து மிஷினை நிறுத்தினால் வீடு சும்மா இருக்கும். அந்தச் சும்மாவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தெருவில் போய் நின்றால் என்ன வேணும் என்று கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டில் அப்படி இல்லை. காத்திருக்கிறவர்கள் காத்திருக்கிறவர்களிடம் என்னத்தையும் பேசுவார்கள். மருமகள் வைத்த குழம்பிலிருந்து கர்ப்பப்பை ஆபரேஷன் வரைக்கும் பேச்சித்தாய்க்குக் காதில் விழுந்திருக்கிறது. அவள் சொன்ன ஊருக்கான பஸ் வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் சங்கடம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். "கூட்டமா இருக்கு, அடுத்ததுல போறேன்" என்பாள். ஊனமுற்றவளை யாரும் ஏன் ஏறவில்லை என்று குடைந்து கேட்பதில்லை.

இப்படிப்பட்டவளைத்தான், இடித்த இடத்தில் கட்டப்போகிற புது பஸ் ஸ்டாண்டுக்கு யோசனை சொல்ல நகராட்சியில் கூப்பிட்டார்கள். அனைவரையும் உள்ளடக்கிய நகரத் திட்ட ஆலோசனைக் குழு என்று அதற்குப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால், பாத்திரக்கடை ரிபாயி அதை 'எல்லாரு கமிட்டி' ஆக்கிவிட்டார். எல்லா வகை ஆட்களும் இருக்க வேண்டும் என்று தேடித் தேடிப் பிடித்திருந்தார்கள். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் சங்கரநாராயணன் தலைவர். குறிப்பெழுதும் செயலாளர் நிர்மலாதேவி, முப்பது வயதுக்காரி, தினமும் புளியங்குடியிலிருந்து வந்து போகிறவள். அவளைப் பேச்சித்தாய்க்கு ஏற்கெனவே தெரியும். கொட்டகையில் ஒருநாள், நீங்களும் புளியங்குடியா அக்கா என்று கேட்டு, கூட்டம், அடுத்த பஸ் என்ற பதிலை வாங்கிக்கொண்டு ஏறிப்போனவள்தான்.

முதல் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். வடக்கு மூலையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி இடம். தனிச் சாய்தளம், தனி ஃபேன், கம்பி வைத்துத் தடுத்த தனி இருக்கை. குறை சொல்ல ஒன்றுமில்லை, பாவம், நல்ல மனதோடுதான் செய்திருந்தார்கள். பேச்சித்தாய் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிக்குள் தான் ஒருத்தி, தலைக்கு மேலே ஒரு ஃபேன். அங்கே வந்து எந்தப் பஸ்ஸுக்கு என்று யார் கேட்பார்கள்? பெண்கள் உட்காருகிற நீளப் பெஞ்சின் நடுவில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டால் போதும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "தனியா வேண்டாம் ஸார்" என்பதற்கு மேல் வரவில்லை. அதற்குள் ஹெட்மாஸ்டர் கைதட்டிவிட்டார். இதுதான் தன்மானம் என்றார். எல்லோரும் தட்டினார்கள். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் பெஞ்சைப் பற்றி எப்படிப் பேசுவது?

அடுத்த கூட்டத்தில் நிர்மலாதேவி முந்தைய முடிவுகளைப் படித்தாள். மாற்றுத்திறனாளி உறுப்பினர் தனக்குத் தனி வசதி எதுவும் வேண்டாம் எனப் பெருந்தன்மையுடன் தெரிவித்ததை ஏற்று அப்பகுதி கைவிடப்படுகிறது, சாய்தளமும் அதில் அடக்கம், அந்த இடத்தில் இரண்டு கடைகள் கட்டலாம். பேச்சித்தாய்க்குத் தன்னுடையது போனது ஒருபக்கம். ஊரிலிருக்கிற எத்தனை வண்டிக்காரர்களின் சாய்தளத்தைத் தன் வாயாலே இடித்துவிட்டோம் என்பது இன்னொரு பக்கம். கை தானாக உயர்ந்தது. சாய்தளம் வேண்டும் ஸார், நான் சொன்னது அது இல்லை என்று திக்கித் திணறிச் சொன்னாள். ஹெட்மாஸ்டர் பதறிப்போய் உடனே அதைச் சேர்க்கச் சொன்னார். நல்ல மனிதர். பிறகு பெஞ்சு விஷயத்தையும் சொல்லிவிட்டாள். அதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நடுவில் வண்டி நின்றால் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு இடைஞ்சல்தானே என்றார் ஒருவர்.

ரிபாயி அவளுக்கு உதவுவதாக நினைத்துக் கேட்டார். "நீ வழக்கமா எந்தப் பஸ்ஸுல போற தங்கச்சி? அது நிக்குற இடத்துக்குப் பக்கத்துல கேப்போம்."

பனவடலிசத்திரம் என்று நாக்கு நுனி வரை வந்தது. நிர்மலாதேவி பேனாவோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பொய்யைச் சொன்னால் அதற்குத் தக்க எங்காவது ஒரு மூலையில் பெஞ்சு போட்டுவிடுவார்கள்.

"நான் எந்தப் பஸ்ஸுலயும் போறதில்ல அண்ணாச்சி. நாலு பேரு கூட உக்காந்திருக்கத்தான் வாரேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ரிபாயி டீ கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார். பஸ் ஸ்டாண்டு பயணிகளுக்குத்தானே அம்மா, சும்மா உட்காருவதற்கு என்று எப்படி எழுதுவது என்று ஹெட்மாஸ்டர் மிகவும் கனிவாகக் கேட்டார். நிர்மலாதேவியின் பேனா தாளுக்கு மேலே நின்றது. பிறகு தெருவிளக்கு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நடுத்தெருவில் சேலை அவிழ்ந்த மாதிரி இருந்தது பேச்சித்தாய்க்கு.

அன்றைக்கு இனி பொட்டலுக்குப் போவதில்லை என்றுதான் நினைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வழக்கம்போல் சும்மாவாகிவிட்டது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் அவள் வண்டியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் நிர்மலாதேவி கைப்பையோடு வந்தாள். பேச்சித்தாய் முகத்தை டீக்கடைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இனி இந்த இடமும் போயிற்று என்று தோன்றியது. ஊருக்கே தெரிந்த பிறகு பை எதற்கு, பொய் எதற்கு? நிர்மலாதேவி சற்றுத் தள்ளி நின்றாள்.

பெஞ்சில் எலுமிச்சம்பழ மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "எந்தப் பஸ்ஸுக்கு இருக்கியக்கா?"

பேச்சித்தாய்க்கு மூன்று ஊரின் பெயரும் மறந்துபோன மாதிரி இருந்தது.

"அக்காவும் புளியங்குடிக்குத்தான்" என்றாள் நிர்மலாதேவி. சொல்லிவிட்டு அந்த இரும்புப் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அது தரையைக் கீறிக்கொண்டு அடுத்த பெஞ்சிலிருந்து விலகியது. மூட்டைக்காரி என்ன ஏது என்று கேட்காமல் எழுந்து மறுமுனையைத் தள்ளிவிட்டாள். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் வண்டி நுழைகிற அளவுக்கு இடம் விழுந்தது. பேச்சித்தாய் கைப்பிடியைச் சுற்றி உள்ளே வந்தாள். இந்தப் பக்கம் மூட்டைக்காரி, அந்தப் பக்கம் நிர்மலாதேவி. மூட்டைக்காரி இந்தத் தடவை பழம் விலை போகாத கதையை ஆரம்பித்து, மகள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளையின் குடிக்கு வந்து சேர்ந்தபோது புளியங்குடி பஸ் வந்துவிட்டது.

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படியில் ஏறித் திரும்பி, வரலியா என்று கையால் கேட்டாள். பேச்சித்தாய் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நிர்மலாதேவி எழுந்திருக்கவில்லை.

"கூட்டமா இருக்கு. நாங்க அடுத்ததுல வாரோம்" என்றாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் வளைந்து திரும்பியபோது உள்ளே விளக்கு எரிந்தது. மூட்டைக்காரி ஒருத்தி தவிர, ஜன்னலோரச் சீட்டெல்லாம் வரிசையாகக் காலியாய்ப் போய்க்கொண்டிருந்தன.