கோட்டையில் பிறந்த தம்பி

நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற கோட்டைக்கு வந்து சேர ராய்லிக்கு எழுபத்தைந்து வயதாக வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா அழைத்துப் போனபோது துணைக்கு வரச் சொன்னார்கள், வயிற்றுவலி என்றாள். பேரப்பிள்ளைகள் கூப்பிட்டபோது முழங்கால் வலி என்றாள். இப்போது எல்லா வலியும் நிஜமாகவே வந்துவிட்ட பிறகு வந்திருக்கிறாள்.

அக்டோபர் மாதம். ஏரி ஓரத்துப் புல்லில் உறைபனி இன்னும் விலகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அவர்களுடையதைத் தவிர வேறு கார் இல்லை. கணவன் வெய்க்கோ இறங்கியதும் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். நாட்டில் எந்த அருங்காட்சியகத்துக்கும் போகலாம் என்று வருஷத்துக்கு ஒரு அட்டை விற்கிறார்கள். ஓய்வு பெற்றதிலிருந்து அவனுக்கு அதுதான் வேதம்.

"இங்க மூணு மியூசியம் இருக்கு. கோட்டை, ஜெயில், பீரங்கி. ஒரே நாள்ல மூணையும் முடிச்சுடலாம்."

"நீ பீரங்கிக்குப் போ. நான் ஜெயிலுக்குப் போறேன்."

"நாப்பத்தெட்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்திட்டு, இப்பதான் உனக்கு ஜெயில் பாக்கணும்னு தோணுதாக்கும்?"

வேறொரு நாளாக இருந்தால் ராய்லி சுடச்சுடப் பதில் கொடுத்திருப்பாள். இன்று கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். வெய்க்கோ காரைப் பூட்டிவிட்டு அவள் பின்னால் போனான். அவனுக்கு விஷயம் தெரியும்.

விஷயம் இதுதான். ராய்லி பிறந்த வருஷமே அவள் அப்பா போர்முனையில் இறந்துபோனார். அம்மா லெம்பி ரேஷன் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சர்க்கரைக் கூப்பன்களைத் திருடி விற்றதாகப் பிடிபட்டு, இரண்டு வருஷத் தண்டனை வாங்கிக்கொண்டு இந்தக் கோட்டைக்கு வந்தாள். அப்போது இது பெண்கள் சிறை. வரும்போதே வயிற்றில் பிள்ளை. யாருடையது என்று அவளும் சொல்லவில்லை, கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை. பிள்ளை 1948 வசந்தத்தில் இங்கேயே பிறந்தது. பத்து மாதம் கழித்து யாரோ வந்து தத்தெடுத்துப் போனார்கள். லெம்பி வெளியே வந்து, அத்தை வீட்டிலிருந்த ராய்லியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து உருளைக்கிழங்கு வேகவைத்தாள். அவ்வளவுதான். நடந்ததைப் பற்றிப் பேச்சே கிடையாது.

சாகும்வரை அந்தப் பிள்ளையைப் பற்றி மூன்றே தடவை வாய் திறந்தாள். ராய்லிக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கையுறை பின்ன அளவெடுத்தவள், அவள் கையைப் பிடித்தபடியே, "அவங்களுக்கும் கை பெருசு" என்றாள். இன்னொரு நாள் பால் பொங்கி வழிந்தபோது, "அவங்களுக்குப் பால் சூடா இருந்தாப் பிடிக்காது" என்றாள். மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில். "அவங்களைத் தேடு."

இந்த 'அவங்க' என்ற இடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் மொழியில் அவனும் கிடையாது, அவளும் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து 'ஹேன்' என்று ஒரே சொல், அதைத்தான் 'அவங்க' என்று எழுதினேன். அதையும் பேச்சில் யாரும் மெனக்கெட்டுச் சொல்வதில்லை. புருஷனும் 'அது', மாமியாரும் 'அது', நாட்டின் பிரதமரும் 'அது'தான். வீட்டு நாயைக் கொஞ்சும்போது மட்டும் 'ஹேன்' என்று மரியாதை பொங்கும். அப்படிப்பட்ட ஊரில் லெம்பி, ஊரையெல்லாம் 'அது' என்று சொன்ன லெம்பி, பத்து மாதக் குழந்தையை மட்டும் 'ஹேன்' என்றாள். அந்தச் சொல்லில் அவள் வைத்திருந்த அன்பு ராய்லிக்குப் புரிந்தது. ஆணா பெண்ணா என்பது அதில் இல்லை.

பெரிய கை என்றதும் ஒன்பது வயது ராய்லி தம்பி என்று முடிவு கட்டினாள். தனக்கும் பெரிய கைதான் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை. தம்பி என்றால் தம்பி. அவனுக்கு ஒரு முகம் கொடுத்தாள், ஒரு தொப்பி கொடுத்தாள், பனிச்சறுக்கில் தன்னை முந்த விட்டாள். அம்மாவிடம் கேட்டிருக்கக் கூடாதா என்றால், கேட்டிருக்கலாம். எங்கள் ஜனங்களைப் பிடித்த பீடை அது. அடுத்தவர் காயத்தைக் கிளறக் கூடாது என்று எண்ணி எண்ணியே ஒரு ஆயுளை ஓட்டிவிடுவோம்.

அம்மா போன பிறகு ராய்லி தேடினாள், மனப்பூர்வமாகத் தேடினாள். ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள்: என் தம்பியைப் பற்றித் தெரிய வேண்டும். ஒற்றை வரியில் பதில் வந்தது: நீங்கள் குறிப்பிடும் ஆண் குழந்தை எதுவும் பதிவில் இல்லை. இதுவும் எங்கள் குணம். கேட்டதற்குப் பதில் சொல்வோம், கேட்காததற்குச் சொல்லமாட்டோம். பிறகு பத்திரிகையில் இரண்டு முறை விளம்பரம் கொடுத்தாள். அம்மாவின் பெயரைப் போட அவமானமாக இருந்தது. தபால் பெட்டி எண்ணை மட்டும் போட்டாள். ஆயுள் காப்பீடு விற்கிற ஒருவன் மட்டும் அக்கறையாகப் பதில் எழுதினான்.

போன வாரம் அதே பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. கோட்டைச் சிறையில் குழந்தைகளை வைத்திருந்த அறையைக் காட்சிக்குத் திறந்துவிட்டார்களாம். ராய்லி அதை இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "வண்டி எடு" என்றாள்.

வந்த பிறகும் நேரே சிறைப் பக்கம் போகவில்லை. ராஜா தங்கிய கூடத்தைச் சுற்றி வந்தாள். செங்கல் வளைவுகளை அண்ணாந்து பார்த்தாள். சுவரில் ஒரு செங்கல்லில், அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஈரமண்ணை மிதித்துவிட்டு ஓடிய நாயின் பாதம் பதிந்திருந்தது.

"பாத்தியா, இவங்க மட்டும் டிக்கெட் வாங்காம உள்ள வந்திருக்காங்க," என்றான் வெய்க்கோ.

கீழே வந்து காப்பி குடித்தாள். ஏலக்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர வாயில் போடவில்லை.

"போலாமா, இல்ல வீட்டுக்குத் திரும்பிடலாமா? எனக்குப் பீரங்கி ஒண்ணும் பெருசில்ல," என்றான் அவன், நிஜமான அக்கறையோடு.

"போலாம்."

அறை சின்னது. சுண்ணாம்பு அடித்த சுவர், ஓர் இரும்புத் தொட்டில், ஏரியைப் பார்க்க ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டி. வாசலருகே நின்றிருந்த வழிகாட்டி, நாற்பது வயதுக்காரி, கழுத்தில் கைசா என்று பெயர் அட்டை, தலையை லேசாக அசைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

ராய்லியின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கழற்றிவிட்டு, பெட்டிக்குமேல் குனிந்தாள். சாம்பல் கோடு போட்ட ஒரு குழந்தைச் சட்டை. பழுப்பேறிய ஓர் அட்டை. ஒரு புகைப்படம். நடுவில், நாலாக மடித்துப் பிரித்த ஒரு பத்திரிகைத் துண்டு. எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் தான் எழுதிய வரியை அடையாளம் காண யாருக்கும் மூக்குக்கண்ணாடி வேண்டியதில்லை. 'கோட்டைச் சிறையில் 1948 வசந்தத்தில் பிறந்த தம்பியைத் தேடுகிறேன். அக்கா.'

"வெய்க்கோ!" அவள் குரல் அந்தச் சின்ன அறையில் எகிறியது. "இங்க வா! என் விளம்பரம்! தம்பி பாத்திருக்கு! வெட்டி எடுத்து வெச்சிருந்திருக்கு!"

அவள் சிரித்தாள். வெய்க்கோவின் கையைப் பிடித்து உலுக்கினாள். இருபத்தேழு வருஷமாகப் பதில் வராத ஒரு வீட்டின் கதவு திறந்துகொண்டது போலிருந்தது அவளுக்கு. "படி, என்ன எழுதியிருக்குன்னு படி. எங்க இருக்குதாம்?"

வெய்க்கோ பெட்டியில் ஒட்டியிருந்த குறிப்பை உரக்கப் படிக்க ஆரம்பித்தான். "ஹில்க்கா இந்த அறையில் பிறந்து, பத்து மாதம் இங்கே வளர்ந்தார்..." நிறுத்தினான்.

"ஹில்க்காவா?"

ஹில்க்கா என்று ஆணுக்குப் பெயர் வைக்கமாட்டார்கள்.

"படி, வெய்க்கோ."

"வேண்டாம். நீயே..."

"படின்னு சொல்றேன்ல."

அவன் படித்தான். பள்ளிக்கூடப் பையன் போல, ஒவ்வொரு சொல்லாக. கோட்டைச் சிறையில் பிறந்ததை ஹில்க்காவிடம் சொன்ன வளர்த்தவர்கள், பெற்ற தாய் யார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. பெட்டியில் இருக்கும் பிறப்பு அட்டை, சிறையின் பழைய காகிதங்களை இந்தக் கோடையில் பிரித்தபோதுதான் கிடைத்தது. சட்டையையும் பத்திரிகைத் துண்டையும் கொடுத்தவர் ஹில்க்காவின் மகள். அந்தத் துண்டை ஹில்க்கா எப்போதும் கைப்பையில் வைத்திருந்தார். ஏன் என்று மகள் கேட்டபோது அவர் சொன்னது இது:

"அந்த ரூம்ல என்கூடக் கிடந்த யாரோ ஒரு பையனைத் தேட அக்கா ஒருத்தி இருக்கா. பையன் கிடைச்சிருப்பான்னு நெனச்சுக்கறேன். என்னை யாரும் தேடல. ஆனா எங்கள்ல ஒருத்தரையாவது ஒருத்தர் தேடினாங்களே, அது போதும்னு வெச்சிருக்கேன்."

கடைசி வரியை வெய்க்கோ மிகவும் மெதுவாகச் சொன்னான். "ஹில்க்கா இந்த ஆண்டு மார்ச் மாதம் காலமானார்."

ராய்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறப்பு அட்டையில் ஊதா மையில் எழுதியிருந்தது: தாய், லெம்பி காஸ்கி. குழந்தை, பெண். ஓரத்தில் தாதி ஒருத்தி வேடிக்கையாகச் சேர்த்திருந்தாள்: பெரிய கை, நல்ல பிடி. பக்கத்தில் புகைப்படம். நரைத்த தலை, சிரிக்காத வாய், மடியில் அந்தக் கோடு போட்ட சட்டை. அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் ராய்லியின் கைகள். அகன்ற உள்ளங்கை, வளைந்த கட்டைவிரல், எல்லாம்.

அவள் தன் கையுறையைக் கழற்றிக் கையைக் கண்ணாடிமேல் வைத்தாள். வழிகாட்டி கைசா அந்தக் கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஓரடி முன்னால் வந்தாள்.

"இங்க வந்திருக்காங்களா, இவங்க?" என்று ராய்லி கேட்டாள். அம்மாவுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் வாயிலிருந்து 'ஹேன்' என்ற அந்தச் சொல் வந்தது.

"வருவாங்க. வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு. அப்ப இந்த ரூம் பூட்டியிருக்கும். நான்தான் திறந்து விடுவேன். அந்த ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் நிப்பாங்க. அப்புறம் கீழ போய்க் காப்பி சாப்பிடுவாங்க."

"எங்க உக்காருவாங்க?"

"கதவுக்குப் பக்கத்துல. வெளிய இருந்து வர்றவங்களப் பாத்துக்கிட்டு."

நாற்பது கிலோமீட்டர். வயிற்றுவலி, முழங்கால் வலி. ராய்லி தொட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது; எழுபத்தைந்து வருஷத்தில் வேற்று மனிதர் முன்னால் அவள் அழுதது இதுதான் முதல் முறை.

வெய்க்கோ நகைச்சுவை மட்டுமே கைவந்த மனுஷன், பாவம். "உன்மேல தப்பில்ல, ராய்லி. நம்ம பாஷைல அந்த வார்த்தை அப்படி. உங்கம்மா சொன்னதுல..."

"வார்த்தை என்னடா பண்ணும்? நான் கேக்கல. பையனா, பொண்ணான்னு. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா அம்மா சொல்லியிருக்கும். பால் பொங்கினப்போ கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரில கேட்டிருக்கலாம். நான் அவங்களையா தேடினேன்? நானே செஞ்சு வெச்ச ஒரு பையனைத் தேடினேன். என் விளம்பரத்தைப் படிச்சிட்டு, இது நமக்கில்லன்னு மடிச்சு வெச்சிருக்காங்க, வெய்க்கோ. நமக்கில்லன்னு."

அவன் தரையில் விழுந்திருந்த அவள் கையுறையை எடுத்து, தூசி தட்டி, தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கைசா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவங்க மக இங்க ஊர்லதான் இருக்காங்க. நான் வேணா ஃபோன் பண்ணிச் சொல்லட்டுமா? யாரு வந்திருக்கான்னு?"

இந்த ஊரில் யாரும் கேட்காமல் எதுவும் சொல்வதில்லை என்றேன். அன்று ஒருத்தி கேட்டாள். அதற்கு நான் கைசாவைக் கும்பிடுவேன்.

"சொல்லுங்க," என்றாள் ராய்லி. "பெரியம்மான்னு சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பேனா வேணும்."

அறை வாசலில் பார்வையாளர் புத்தகம் ஒன்று சாய்மேஜையில் கிடந்தது. தேதி, பெயர், ஊர், கருத்து என்று கட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வரியில் ஏதோ ஒரு பள்ளிக்கூடக் குழந்தை, தொட்டில் மிகவும் சின்னது என்று எழுதியிருந்தது. ராய்லி தேதியை எழுதினாள். பெயர் என்ற இடத்தில் ராய்லி, லெம்பியின் மகள் என்று எழுதினாள். அம்மாவின் பெயரை ஊரறிய அவள் எழுதியது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தப் பெரிய கையால் பேனாவை அழுத்திப் பிடித்து, கருத்துக் கட்டத்தில் எழுதினாள்.

'ஹில்க்கா, அந்தப் பையன் நீதான். அக்கா.'