ஆறு மணிக்கு வீடு திரும்பிய கார்

தையல் மெஷின்காரரின் நீல நிறக் கார் முப்பத்தொரு வருடங்களில் ஒருநாள்கூட வெளியே தங்கியதில்லை. இரண்டு முறை திருடு போனபோதும் அன்று மாலை ஆறு மணிக்கே தானாக வீடு வந்து சேர்ந்துவிட்டது. முதல் முறை காலியாக வந்தது. இரண்டாம் முறை திருடனும் உள்ளேயே இருந்தான். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் இழுத்து இழுத்துக் கை சிவந்துபோய், சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தவனுக்கு மெஷின்காரரின் மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்து முடித்து, "ரொம்பப் பிடிவாதம்மா இந்த வண்டிக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தே போனான். தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் கேட்டுக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக் கடிகார ரிப்பேர்காரர் தன்னிடமிருந்த அத்தனை கடிகாரங்களிலும் ஆறு மணி வைத்துக்கொள்வார்.

மெஷின்காரர் ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் விற்றவர், பழுது பார்த்தவர். மனைவி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் ஒரே மகள். பதினோரு வருடங்களுக்கு முன் அவளுக்கு இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு துறைமுகத்தில் கிரேன் இயக்கும் வேலை கிடைத்தது. பெண் பிள்ளை ஆகாயத்தில் உட்கார்ந்து பெட்டி தூக்குவதா என்று அப்பா கேட்டார். பூமியில் உட்கார்ந்து என்னத்தைக் கண்டீங்க என்று மகள் கேட்டாள். பேச்சு முற்றி, "போனா அப்படியே போயிடு" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த வீட்டில், முக்குக் கடைக்குப் போகிறவர்கள்கூட "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். மகள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள், ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள், பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். "சரிப்பா. போறேன்" என்றாள். போய்விட்டாள். அங்கேயே கூட வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குப் போன் செய்வாள். அந்த நேரத்தில் அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாள் படிப்பார். அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பதை மனைவி ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பதினோராவது வருடம் மகள் கர்ப்பமானாள். ஏழாம் மாதத்தில் டாக்டர் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுத்திருக்கச் சொல்லிவிட்டார். இரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்கியது, அவள் அசையக் கூடாது. போனை வைத்துவிட்டு வந்த மனைவி செய்தியைச் சொன்னபோது, மெஷின்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "வண்டியை ரெடி பண்றேன்" என்றார்.

"ரயில்ல போயிடலாமேங்க."

"ரயில்ல போய் இறங்கினா விருந்தாளி. சொந்த வண்டியில போய் வாசல்ல நின்னாத்தான் அப்பன்."

மனைவி நான்கு விரலைக் காட்டினார். "நாலு வாரம் பாப்பேன். அதுக்குள்ள வண்டி சரியாகலேன்னா நான் தனியா ரயில் ஏறிடுவேன். நீங்க இங்க அப்பனா உக்காந்திருங்க."

ஆறு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் இருந்தார். எந்தக் கேள்விக்கும் "பாக்கலாம்" என்றே பதில் சொல்வதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. பாக்கலாம் காரைச் சுற்றி வந்தார், கீழே படுத்துப் பார்த்தார், பானட்டைத் திறந்து வெகுநேரம் முகர்ந்தார். ரேடியேட்டர் ஓஸ் வெடித்திருக்கிறது, ஃபேன் பெல்ட் நைந்திருக்கிறது, பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, நான்கு டயரும் வழுக்கை. இரண்டாயிரம் கிலோமீட்டர் தாங்க வேண்டுமென்றால் இன்ஜினையே இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார். தாங்குமா என்று கேட்டதற்கு வழக்கமான பதிலைச் சொன்னார்.

முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்குக் காரின் இன்ஜின் ஷெட்டுக்குள் மேசைமேல் இருந்தது. ஐந்தே முக்காலுக்குக் கார் மெல்ல நகர்ந்து வெளியே வந்து, பானட்டுக்கடியில் ஒன்றுமில்லாமல், சந்தைத் தெரு வழியாக வீட்டுக்குப் போய்விட்டது. பாக்கலாம் கைதுடைக்கும் துணியுடன் வாசலில் நின்று அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு எந்த வேலையையும் அதற்கேற்றபடிதான் செய்ய வேண்டியிருந்தது. பிரேக் பிரித்த அன்று கார் மூன்று சக்கரத்தில் போனது, நான்காவது மூலை தரையில் படாமல் ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றபடி வந்தது. சீட்டெல்லாம் கழற்றிய அன்று வெறும் கூடாகப் போனது. கதவுகளைக் கழற்றிப் பட்டி பூசியிருந்த நாளில் கதவில்லாமல் வந்து நின்ற காரைப் பார்த்து மனைவி, "அய்யோ, இப்படியேவா தெருவுல வந்தே" என்று பழைய போர்வை ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டார். சந்தைத் தெருவில் காய்கறி விற்றவர்கள் அந்த மூன்று வாரமும் ஐந்தே முக்காலுக்குத் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் வார முடிவில் எல்லா வேலையும் முடிந்தது. புது டயர், புது பெல்ட், சுத்தம் செய்த கார்புரேட்டர், டிக்கியில் காற்றடித்த ஸ்டெப்னி. பாக்கலாமும் மெஷின்காரரும் வடக்குச் சாலையில் வெள்ளோட்டம் போனார்கள். கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. இருநூறாவது கிலோமீட்டரில், பகல் மூன்று மணி சுமாருக்கு, ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. கார் ஒரு பெட்ரோல் பங்கைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பியது. பாக்கலாம் ஸ்டியரிங் பாக்ஸை மாற்றினார். மறுபடி அதே பங்க், அதே மூன்று மணி. கடைசியில் ஒரு லாரியின் மேல் காரை ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டி அனுப்பினார்கள். மூன்று மணிக்கு லாரியே திரும்பிவிட்டது. ஆறு மணிக்கு வீட்டு வாசலில் லாரியை நிறுத்திய டிரைவர், தான் இருபது வருடமாக ஓட்டுகிற வண்டி தன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததில் மிகவும் மனம் வருந்தினார். "உங்க குடும்ப விஷயத்துல என் வண்டியை ஏன் சார் இழுக்கறீங்க?" என்றார்.

மறுநாள் பாக்கலாம் ஸ்பானரைத் தொடவில்லை. ஸ்டூலைப் போட்டு மெஷின்காரர் எதிரே உட்கார்ந்தார்.

"சார், காலையில கிளம்பும்போது அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"என்னய்யா கேள்வி? எல்லாரும் சொல்றதுதான். வரேன்னு சொல்லுவேன்."

"எங்க நின்னு?"

"கார்ல உக்காந்து, கண்ணாடியை இறக்கிட்டு."

"முப்பத்தொரு வருஷமா?"

இருவரும் காரைப் பார்த்தார்கள். அத்தனை வருடமும் அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவர் கொடுத்த வாக்கை அவரைவிடக் கவனமாகக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை அத்தனை முறை பிரித்துப் பூட்டிய கையைப் பாக்கலாம் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, ஒரு மெக்கானிக் சொல்லக்கூடியதைச் சொன்னார்: "அப்ப நாளைக்கு மட்டும் 'போறேன்'னு சொல்லிட்டுக் கிளம்புங்க."

காலையில் கண்ணாடியை இறக்கி, மெஷின்காரர் வாயைத் திறந்தார். முதல் எழுத்து வருவதற்குள் மனைவி கையை நீட்டி அவர் வாயைப் பொத்திவிட்டார். "அந்த வார்த்தை இந்த வாசல்ல ஒரு தடவை சொன்னது போதும்" என்றார். அவர் விரல்களுக்கு மேலே மெஷின்காரரின் கண்கள் நிறைந்துவிட்டன. அன்றைக்குக் கார் எங்கேயும் போகவில்லை.

அப்புறம் மனைவிதான் யோசித்துச் சொன்னார். "இங்க வரேன்னா இங்க வருது. அங்க வரேன்னு சொன்னா அங்க போகாதா?"

"நீதான் வாராவாரம் அவகிட்ட வரேன் வரேன்னு சொல்லிக்கிட்டு இருக்கியே."

"நான் சொன்னா அது எங்க கேக்குது? என் பேச்சை இந்த வீட்டுல யாரு கேட்டா? நீங்க சொல்லணும்."

மெஷின்காரர் சுற்றுவழிகளைத் தேடினார். மகளுடைய பள்ளிக்கூடப் போட்டோவைக் காரின் முன் கண்ணாடியில் வைத்து அதனிடம் சொல்லிப் பார்த்தார், கார் அசையவில்லை. மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதினோரு வருடத்தில் முதல் கடிதம். "அன்புள்ள மகளுக்கு, நலம், நலமறிய ஆவல். விரைவில் வருகிறேன்" என்று எழுதி, ஒட்டுவதற்குமுன் காருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கார் ஒருமுறை இருமியது, அவ்வளவுதான். அதற்குப் பேச்சுத் தமிழ்தான் தெரியும். "வருகிறேன்" என்று யாரும் அதனிடம் சொன்னதில்லை. மனைவி வைத்த கெடுவில் ஒரு நாள்தான் பாக்கி இருந்தது. அவர் பெட்டியில் புடவைகளை அடுக்க ஆரம்பித்திருந்தார், ஒருவருக்கு வேண்டியதை மட்டும்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மெஷின்காரர் ஷெட்டுக்குப் போனார். பாக்கலாம் கடைசியாக ஒருமுறை ஆயில் கசிவு பார்ப்பதற்காகக் காரை நான்கு ஸ்டாண்டுகள்மேல் தூக்கி வைத்திருந்தார். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. ஷெட்டின் சுவரில் கிரீஸ் படிந்த ஒரு போன். மெஷின்காரர் ஆஸ்பத்திரி எண்ணைச் சுழற்றினார். நர்ஸ் எடுத்தார், காத்திருக்கச் சொன்னார், பிறகு மகளின் குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான்."

இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர் கம்பியில் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாவா?"

"சாப்பிட்டியா?"

"ம். ஆஸ்பத்திரி சாப்பாடு."

"உப்பு போடறாங்களா?"

"இல்லப்பா. எனக்கு உப்பே கூடாதாம்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

மெஷின்காரர் போனை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். கிட்டத்தட்ட பதினோராயிரம் முறை காலையில் யோசிக்காமல் சொன்ன சொல்லை இப்போது மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வரேம்மா" என்றார்.

ஸ்டாண்டுகளின் மேலே நான்கு சக்கரங்களும் சுழல ஆரம்பித்தன. சாவியில்லாத இன்ஜின் சீராக ஓடியது, பகல் வெளிச்சத்தில் விளக்குகள் எரிந்தன, ஷெட்டில் ஆணியில் தொங்கிய ஸ்பானர்கள் எல்லாம் வடக்குப் பக்கம் சாய்ந்து நின்றன. பாக்கலாம் தலையிலிருந்த துணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் "பாக்கலாம்" என்று சொல்லாமல், பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா?" என்று போனில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா? அங்க என்ன சத்தம்?"

"நம்ம வண்டிம்மா. அதுக்கு அவசரம்."

அதை இறக்கி மெஷின்காரர் உள்ளே ஏறுவதற்குள் இருவருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. வீட்டு வாசலில் கார் நிற்கவே இல்லை, வேகத்தைக் குறைத்தது மட்டும்தான். மனைவி பெட்டியோடு ஓடி வந்து ஏறிக்கொண்டார். போகிற வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு தெருவிலேயே தங்கிவிட்டது. "என் வேட்டி சட்டை?" என்று மெஷின்காரர் கேட்டார். "நேத்தே எடுத்து வெச்சிட்டேன். அடியில இருக்கு, பாக்கறவங்களுக்குத் தெரியாம" என்றார் மனைவி. மூன்று மணிக்குப் பெட்ரோல் பங்க் வந்தது, போனது. ஆறு மணிக்கு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டியரிங் அசையவில்லை. அவர்கள் கேள்விப்பட்டிராத ஊர்களின் பெயர்ப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. எதிரில் வந்த வண்டிகள் யாரும் சொல்லாமலே ஓரம் கட்டி வழிவிட்டன. இரண்டு மலைகளையும் ஒரு பெரிய ஆற்றையும் தாண்டி நான்காம் நாள் காலை கார் துறைமுக நகருக்குள் நுழைந்தபோது, கடலோரம் இருந்த பதினான்கு கிரேன்களும் கழுத்தைத் திருப்பி, அது போகும் தெருவைப் பார்த்தபடியே மெல்லக் கூடவே திரும்பின. தாங்கள் எதையும் தொடவில்லை என்று ஆப்பரேட்டர்கள் அன்றைய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மகளின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. வாசலில் ஹாரன் கேட்டதும் அவள் எழக் கூடாது என்பதை மறந்து எழப் பார்த்தாள். நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்தினார். மெஷின்காரர் அறைக்குள் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கட்டிலின் காலருகே நின்றார். "கிரேன் எல்லாம் நல்ல உசரமாத்தான் இருக்கு" என்றார். மகள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள். பதினெட்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நன்றாக இருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, எதிர்வீட்டுக் கடிகார ரிப்பேர்காரருக்குப் போன் போட்டு "வரேன்" என்று சொல்லிவிட்டு அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மெஷின்காரர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தானே மகளுக்குப் போன் செய்கிறார். ஆரம்பத்தில் ஒருமுறை, பேசி முடித்து வைக்கும்போது, பழக்கதோஷத்தில் "சரிம்மா, வரேன்" என்று சொல்லிவிட்டார். போர்ட்டிகோவில் நின்ற கார் புறப்பட்டுவிட்டது. சந்தைத் தெரு வரைக்கும் துரத்திப் போய் ஏற வேண்டியிருந்தது, அவர் முகத்தில் ஒரு பக்கம் சவர சோப்பு இருந்தது, மறுபக்கத்தை முதல் பெட்ரோல் பங்கில் மழித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எவ்வளவோ கவனமாக இருந்தும் வருடத்துக்கு மூன்று முறையாவது அவருக்கு வாய் தவறிவிடுகிறது. மனைவி இதற்காக அவரை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் போனைக் கையில் எடுப்பதைப் பார்த்தால், அடுப்பை அணைத்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பெட்டியோடு காரில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.