அக்காவுக்குக் கேட்காத சத்தம்

அந்தத் தொப்பியில் முப்பத்திரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு பசையை வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பியை இழுத்து, அக்காவின் தலையைக் கணினியோடு இணைத்தார் அந்த ஆராய்ச்சிப் பெண். நர்சுகள் அவருக்கு வைத்திருந்த பெயர் தொப்பிக்காரம்மா. அவரும் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

அக்கா விழுந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மில்லில், என் தறிக்கு நாலு தறி தள்ளி, வேலை செய்துகொண்டிருந்தபோதே இதயம் நின்று விழுந்தாள். நூறு தறிகள் ஓடும் கூடத்தில் ஓர் உடம்பு விழும் சத்தம் யாருக்குக் கேட்கும்? நூலறுந்து அவள் தறி தானாக நின்றதைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன். அதற்குள் எத்தனை நிமிடம் போயிருந்தது என்று டாக்டர்கள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இதயத்தை மறுபடி ஓடவைத்துவிட்டார்கள். கண் மட்டும் திறக்கவில்லை. மூச்சை ஒரு மெஷின் விட்டுக்கொண்டிருந்தது.

"ரொம்ப எளிசுதான்," என்றார் தொப்பிக்காரம்மா. "காதுல ஒரே மாதிரி 'கீச் கீச்'னு நிறைய சத்தம் விடுவோம். நடுநடுவுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி வரும். மூளை உள்ள கொஞ்சமாவது கவனமா இருந்தா, 'அட, இது வேற'ன்னு ஒரு அசைவு காட்டும். அது கம்ப்யூட்டர்ல ஓடுற கோட்டுல தெரியும்."

"காட்டலைன்னா?" என்று மாமா கேட்டார். அக்காவின் கணவர். எட்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

தொப்பிக்காரம்மா, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர், "ஸ்கேன், மத்த டெஸ்ட், இது எல்லாத்தையும் சேர்த்து வச்சுத்தான் மெஷினைத் தொடரலாமான்னு பேசுவோம்," என்றார்.

"இவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்ல?" என்று தொப்பிக்காரம்மா கேட்டார்.

"மில்லுல வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கிறாங்க," என்று மாமா அக்காவின் மில் அட்டையை நீட்டினார். இருபத்திரண்டு வருடமும் 'இயல்பு' என்று எழுதியிருந்தது.

"நல்லாக் கேக்கும் மேடம்," என்றேன் நானும்.

அக்காவின் காதில் வைக்கும் முன், சத்தம் வரும் குழாய்களில் ஒன்றை அவர் என் காதில் வைத்தார். "பயப்படாதீங்க. சும்மா குருவி கத்துற மாதிரிதான் இருக்கும். கேக்குதா?"

ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று நினைத்தேன். அவர் முகம் பதிலுக்குக் காத்திருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வெளியாட்களுக்கு இது புரியாது. தறிக் கூடத்தில் நாங்கள் உதட்டாலும் கையாலும்தான் பேசுவோம். புரியாவிட்டால் தலையை ஆட்டிவிடுவோம். திருப்பிச் சொல்லச் சொன்னால் எதிரில் இருப்பவளின் வேலை கெடும். வருடக்கணக்கில் ஆட்டிய தலை, ஆஸ்பத்திரிக்கு வந்தும் தானாக ஆடியது.

நாற்பது நிமிடம் ஓடியது சோதனை. அக்காவின் மூளையிலிருந்து எந்த அசைவும் வரவில்லை.

"நாளைக்குச் சாயந்திரம் நாலு மணிக்கு உக்காந்து பேசுவோம்," என்றார் பெரிய டாக்டர். எதைப் பேசப் போகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. மாமா படிக்கட்டில் உட்கார்ந்து, "சின்னவளே, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வாங்களா?" என்றார். அவர் குரல் இயல்பாகவே கனத்த குரல். அன்று அது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மறுநாள் காலையில் அக்காவின் பக்கத்தில் நின்றிருந்தேன். நர்ஸ் திடீரென்று ஓடிவந்து, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் மெஷினில் எதையோ அழுத்தினாள். அப்போதுதான் அதில் சிவப்பு விளக்கு மின்னுவதைப் பார்த்தேன்.

"என்னக்கா நீங்க! இவ்வளவு நேரமாக் கத்துது, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"எது கத்துது?"

"இதுதான்! காது கிழியுதே. அந்த மூலைக் கட்டில் தாத்தாவே முழிச்சுக்கிட்டாரு."

நான் அவளைப் பார்த்தேன். பதின்மூன்று நாளாக அந்த மெஷின் பக்கத்தில்தான் இருக்கிறேன். அது கத்தும் என்பதே எனக்குத் தெரியாது.

எனக்குக் கேட்கவில்லை என்றால், என்னைவிட ஆறு வருடம் கூடுதலாக அந்தக் கூடத்தில் நின்றவளுக்கு?

மில் அட்டை பொய். அது எனக்குத் தெரியும், ஆனால் பொய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. காது டெஸ்டில் ஓர் ஆள் பெட்டியை அழுத்திச் சத்தம் விடுவார், அது கேட்டால் நாங்கள் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காதவர்களைத் தறியிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் அதிக நாள் நிலைத்ததில்லை. நான் சேர்ந்த வருடம் அக்காதான் சாப்பாட்டு அறையில் எனக்குப் பாடம் எடுத்தாள். "பெட்டியைப் பாக்காதடி. அந்த ஆளோட வலது தோளைப் பாரு. அவர் அமுக்குறப்ப தோள் ஏறும். ஏறினா நீயும் அமுக்கு." கூடமே அப்படித்தான் பாஸானது. வருடாவருடம் அறுபது பெண்கள், அறுபது 'இயல்பு'.

இதைச் சொன்னால் அந்த அறுபது பேருக்கும் ஆபத்து. என்னைத்தான் முதலில் தறியிலிருந்து எடுப்பார்கள். சொல்லியும் அக்காவிடம் ஒன்றும் இல்லை என்றால், எல்லோரையும் காட்டிக்கொடுத்ததுதான் மிச்சம். மத்தியானம் வரைக்கும் வராந்தாவில் நடந்துவிட்டு, கழிவறையில் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். என் பல் கிட்டிய சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. மணி மூன்றரை ஆனபோது, கையெழுத்துப் போட்ட பிறகு இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

தொப்பிக்காரம்மா கீழ்த்தளத்தில் தொப்பியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய், மூச்சு இரைக்க எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"தோளைப் பாத்தா?" அவர் நம்பவில்லை. "விளையாடுறீங்களா?"

"டெஸ்ட் பண்ணிப் பாருங்க மேடம்."

கணினியைத் திறந்து என் காதில் குழாயை வைத்தார். அவர் அழுத்த அழுத்த நான் விரலைத் தூக்கினேன். பத்துக்குப் பத்து. பிறகு ஒரு துண்டை எடுத்துத் தன் தோள்மேல் போர்த்திக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி, கழுவுதொட்டிமேல் இருந்த கண்ணாடியில் என் விரலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் எழுந்து என் பக்கம் திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"இருபது தடவை விட்டேன்," என்றார். "நீங்க விரலைத் தூக்கவே இல்ல. கடவுளே. காதே கேக்காத ஒருத்தருக்கு, மூளை கேக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"கனமான சத்தம் கேக்கும் மேடம். ஆம்பளைங்க பேச்சு கேக்கும். தறிச் சத்தம் கேக்கும்."

அவர் மாடிக்கு ஓடினார். நாலு மணிக்கு டாக்டர் அறையில் இருந்த கையெழுத்துக் காகிதத்தை எடுத்து ஓரமாக வைக்க வைத்தது அவர்தான். மறுசோதனைக்கு இரண்டு நாள் கொடுத்தார்கள்.

கனத்த ஒலிகளை அவர் தயாரித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். "தறிச் சத்தத்தை வச்சுப் பாக்க முடியுமா? ஓடுற தறியை நாங்க கவனிக்க மாட்டோம். ஆனா டக்கு டக்குன்னு விழுற அடியில ஒண்ணு தவறினா, தூக்கத்துல இருந்தாலும் எந்திரிச்சிருவோம்."

"இது எங்க முறையில இல்லயே," என்றார். கொஞ்சம் யோசித்தார். "அதனால என்ன, கூடுதலா வச்சுப் பாப்போம். பதிவு பண்ணிக்கிட்டு வாங்க."

மில்லில் அக்காவின் தறியை வேறொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். பதிவுக் கருவியைத் தறிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அக்கா விழுந்த தரையிலேயே அரைமணி நேரம் நின்றேன். தொப்பிக்காரம்மா அதை வெட்டி, நூறு அடிக்குப் பத்து என்ற கணக்கில் அங்கங்கே ஓர் அடியை எடுத்துவிட்டார்.

இரண்டாவது சோதனை. முதலில் கனத்த ஒலி. "சத்தத்தைக் காது வாங்குது," என்றார் அவர், அவ்வளவுதான். பிறகு தறி. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு இரைச்சலும் அக்காவின் காதுக்குள் மட்டும். விழுந்த இடத்துக்கே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கணினிக் கோடு எனக்குப் புரியாது. ஆகவே எனக்குப் படிக்கத் தெரிந்ததை மட்டும் படித்தேன். தொப்பிக்காரம்மாவின் தோளைப் பார்த்தேன். அது மெதுவாக ஏறி, அப்படியே நின்றது.

"தவறுற அடிக்கெல்லாம் காட்டுறாங்க," என்றார். "ஒவ்வொண்ணுக்கும்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சின்னவளே. ஆம்பளைக் குரல் கேக்கும்னு சொன்னியாமே?"

"ஆமா மாமா."

"நாலாம் நாள் நான் தனியா இருந்தப்ப அவ காதுல ஒண்ணு சொன்னேன்." அவர் உதடு கோணிக்கொண்டது. "போயிடு, கிடந்து கஷ்டப்படாத, நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்குமா?"

தொப்பிக்காரம்மாவிடம் போய்க் கேட்டேன். "சத்தம் உள்ள போயிருக்கலாம். அர்த்தம் போச்சான்னு இந்தக் கோட்டை வச்சு யாராலயும் சொல்ல முடியாது," என்றார். மாமாவிடம் அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். 'இல்லை மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தூங்கியிருப்பார். ஆனால் அந்த வாரத்தில் என் வாயால் சொன்ன பொய்கள் எனக்குப் போதும்.

மெஷினைத் தொடர்ந்தார்கள். மாமா தினமும் கட்டிலோரம் குனிந்து, காதோடு காதாக, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தார். "அன்னைக்கு ஏதோ உளறிட்டேன். நீ போக வேணாம். கேக்குதா? போக வேணாம்." அக்கா கண் திறக்கவில்லை. இரண்டாவது சோதனை முடிந்த எட்டாம் நாள் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது.

ஒன்பதாம் நாள் காலையில் மாமா அவளிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குளியலறைக் குழாய் சொட்டுவதை ஒரு வழியாகச் சரிசெய்துவிட்டதையும், எதிர்வீட்டுக்காரர் ஏணி கொடுக்க மூக்கால் அழுததையும். பெரிய டாக்டர் வந்து மாமாவின் பின்னால் நின்றார். மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா போய்விட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாமா நிமிரவில்லை. ஏணியைத் திருப்பிக் கொடுத்தது வரைக்கும் சொல்லி முடித்தார். அதுவரை யாரும் அவரைத் தொடவில்லை.