மூடிய ஜன்னலில் வெயில்

குளிர்க்கிடங்கில் பதினோரு வருடம் பெட்டி அடுக்கியவனுக்கு இரண்டாவது தடவையாக நுரையீரலில் சளி கட்டியது.

"வைட்டமின் டி ரொம்பக் கம்மி. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மாத்திரையோட வெயில்லயும் உக்காருங்க" என்றார் டாக்டர்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் நிறுத்திவிட்டான். காற்றுப் பட்டால் ஆகாதென்று மனைவி ஜன்னல் கண்ணாடியை இறுக மூடி, உள்ளே விழுந்த வெயிலில் இரண்டு மாதம் அவனை உட்கார வைத்தாள்.

மூன்றாவது தடவையும் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வைட்டமின் அளவு ஏறவேயில்லை.

"கண்ணாடி வழியா சூடுதாம்மா வரும், சத்து வராது" என்றார், அவள் சொன்னதைக் கேட்ட டாக்டர்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"விடுடி. எந்தப் பெட்டியையும் நான் இவ்வளவு பத்திரமா மூடினதில்ல" என்றான் அவன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினான்.