கடைசியாக முழிப்பவருக்கே மைக்

என் கணவர் மீட்டிங் அறைகளுக்கு ஸ்விட்ச் டப்பா விற்பவர். நாலைந்து லேப்டாப்பை ஒரே திரையோடும் ஒரே கேமரா, மைக்கோடும் மாற்றி மாற்றிச் சேர்க்கிற டப்பா. ஊருக்கு விற்றது போதாதென்று சாம்பிள் ஒன்றைத் திரை, கேமரா, மைக்கோடு எங்கள் சாப்பாட்டு மேஜையிலும் கொண்டுவந்து வைத்தார். ஒன்றாம் நம்பர் போர்ட்டில் அவருடைய லேப்டாப். அதன் கேபிள் படுக்கையறை வரைக்கும் நீண்டு கிடந்தது. இரண்டாம் நம்பரில் என்னுடையது.

"இனிமே இந்த வீட்ல எல்லாம் சரிசமம்" என்றார்.

"ஏங்க, ஒரே மைக் ரெண்டு பேருக்கும் வேலை செய்யுமா?"

"ஒரே நேரத்துல செய்யாது. உள்ள இருக்கிற யூஎஸ்பி ஹப் எந்த லேப்டாப்போட சேர்ந்திருக்கோ, அதுக்குத்தான் மைக், கேமரா எல்லாம்."

"யாரோட சேரணும்னு யாரு முடிவு பண்றது?"

"அதுவே பண்ணிக்கும். ஆட்டோ! கடைசியா எந்த லேப்டாப் முழிக்குதோ, அதுக்குக் கொடுத்துடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிவதற்குள் எழுந்து பாதி வேலையை முடிப்பவள் நான். வெயில் ஏறிய பிறகு சோம்பல் முறிப்பவர் இவர். எழுந்ததும் வீடே அவரைச் சுற்றி ஓட வேண்டும். அந்த நியாயத்தையே டப்பாவுக்குள் அடைத்து, வாரண்டி வேறு கொடுத்து விற்கிறார்கள்.

அன்று எனக்கு இன்டர்வியூ. அலுவலகத்தில் குழுத்தலைவர் பதவி. போன தடவை வாயருகே வந்து போய்விட்டது. இதுவும் போனால், நேற்று வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே ரிட்டயர் ஆக வேண்டியதுதான். என் லேப்டாப்பின் சொந்தக் கேமரா எப்போதோ செத்துப்போனது. டப்பாவை விட்டால் கதியில்லை.

"நான் முடிக்கிறவரைக்கும் உங்க லேப்டாப்பத் தொடக்கூடாது."

"சத்தியமா தொடமாட்டேன்."

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள், இரண்டு ஆண்கள், நடுவில் ஓர் அம்மா. எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஆண்களில் கண்ணாடி போட்டிருந்தவர் தொண்டையைச் செருமினார். "வீட்டையும் பாத்துக்கிட்டு இதையும் சமாளிக்க முடியுமா மேடம்?"

வாயைத் திறந்தேன். திரை இருண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது முன்பின் தெரியாத மீசைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து மலர்ந்தார்.

"அட, மேடம் தெரியுறாங்களே!"

படுக்கையறையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "பாத்தீங்களா சார், எவ்வளவு ஸ்மூத்தா மாறுது!"

டெமோ! இரண்டாம் நம்பர் பட்டனைக் குத்தினேன். கேமரா அவசரமே இல்லாமல் யோசித்து யோசித்து என் லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டது. மூவரும் திரும்பி வந்தார்கள். "மன்னிக்கணும் சார்..." என்று ஆரம்பித்தேன். உள்ளே அவர் லேப்டாப்பை மூடித் திறந்திருக்க வேண்டும். மீண்டும் மீசை. மீண்டும் குத்தினேன்.

இந்த முறை அவரே ஓடி வந்தார், பனியனோடு. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுப்பவர் நேராக அதன் முன்னால் வந்து நின்றார்.

"பெரிய பார்ட்டிம்மா! ரெண்டே நிமிஷம் விட்டுக்கொடேன். உனக்கென்ன, அப்புறமா பேசிக்கலாமே!"

அப்புறமா. கல்யாணம் ஆனதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிற வார்த்தை. ஒன்றாம் நம்பர் போர்ட்டிலிருந்து கேபிளைப் பிடுங்கினேன். அதைக் கையில் பிடித்தபடியே கேமராவைப் பார்த்தேன்.

"சமாளிக்க முடியும் சார்."

கண்ணாடிக்காரர் எதையோ குறிப்பது போலக் குனிந்துகொண்டார். நடுவில் இருந்த அம்மா மட்டும் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"எங்க வீட்லயும் இதே டப்பாதாம்மா" என்றார். "எந்த கேபிளப் புடுங்கினீங்க? கொஞ்சம் கிட்டக் காட்டுங்க."