நாலு ஈயத்துண்டு

பிணத்தைக் குளிப்பாட்ட இடம் வேண்டுமென்று மகன் கார்த்தி வாசலில் கிடந்த மண்டி எடை மெஷினை ஓரமாகத் தள்ளினான். அதன் தொங்குகல் ஆடியது. அடியிலிருந்து ஏதோ வசந்தாவின் காலருகே 'டக்'கென்று விழுந்தது.

ஈயத்துண்டு. கல்லைத் தடவிப் பார்த்தாள். இன்னும் மூன்று, மெழுகில் ஒட்டியிருந்தன.

அடப்பாவி மனுஷா! மதுராந்தகத்தில் முப்பது வருஷம் நெல் மண்டி நடத்தியவன் எல்லப்பன். கல்லில் ஒரு துண்டு ஒட்டினால் மேடையில் ஒரு கிலோ குறையும். விவசாயி மூட்டைக்கு அதுதான் அவன் வித்தை. கட்டினவளுக்குத் தெரியாதா?

கிட்னி கெட்டு உடம்பில் நீர் கோக்குது, பிரஷர் இறங்கல, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான், தினமும் எடை பாருங்க, ரெண்டு கிலோ ஏறினா உடனே கூட்டிட்டு வாங்க என்று செங்கல்பட்டு டாக்டர் அவளிடம்தான் சொன்னார். அளந்து அளந்து கொடுத்தாள். இந்த மெஷினில் தினமும் காலையில் அறுபத்தொரு கிலோ, அப்படியே. கால் ஏன் வீங்குது என்று கேட்டதற்கு, "மெஷின் பொய் சொல்லுமாடி?" என்று சிரித்தான். ரெண்டு வாரமாய்த் திருட்டுத் தண்ணி குடித்து ஏறிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறான். இன்று காலை மூச்சு முட்டி, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டான்.

"தண்ணி தண்ணின்னு கெஞ்சிகினே செத்தானே என் தம்பி! ஒரு வாய் குடுத்தியாடி?" நாத்தனார் ஆராயி மாரில் அடித்துக்கொண்டாள்.

மகன் மட்டும் என்ன? "தெனம் எடை பாத்தியா, சும்மா எழுதிகினு வந்தியாம்மா?" என்று காலையிலேயே கேட்டுவிட்டான்.

இப்போது அவன் முன் உள்ளங்கையை விரித்தாள். மண்டியில் வளர்ந்தவன், முகம் வெளுத்தது.

"நைனாவா? அத்தைகிட்ட சொல்லிடறேம்மா."

தெரு கொள்ளாமல் விவசாயிகள், மாலையும் கையுமாக. இவனுக்கா மாலை!

"வாய மூடு. சந்தி சிரிக்கும்."

நாலு துண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மொதல் குடம் நீதான் ஊத்தணும்," என்றாள் ஆராயி.

வசந்தா குடத்தை வாங்கி அவன் முகத்துக்கு நேராகக் கவிழ்த்தாள்.

"குடிய்யா! வயிறு முட்டக் குடி. இனிமே எவ எடை பாக்கப் போறா?"

அழுகை சட்டென நின்றது.

"இன்னொரு குடம் குடு அண்ணி," என்று வசந்தா ஆராயியிடம் கை நீட்டினாள். முந்தானை முடிச்சு நனைந்து, கனத்துத் தொங்கியது.